குளோனைக் குளோன்னு கூப்பிடலாமுங்களா?

2023 மார்ச்சில் ஹரியானா மாநிலம் கர்னாலில், தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கன்றுக்குட்டி பிறந்தது. கிர் இனம். பிறந்தபோதே 32 கிலோ. கங்கா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பது சுலபமாக முடிந்துவிட்டது. சொந்தம் சொல்வதில்தான் தகராறு. கருமுட்டை தந்தது ஒரு சாஹிவால் பசு. அதற்குள் வைக்கச் செல் தந்தது ஒரு கிர் பசு. வயிற்றில் சுமந்தது மூன்றாவதாக ஒரு கலப்பினப் பசு. இதில் யார் அம்மா? அப்பா என்று ஒருத்தர் கதையிலேயே வரவில்லை.

மாடு கல்யாணப் பத்திரிகை அடிப்பதில்லை, ஆகவே அதற்குக் கவலையில்லை. நாம் அடிக்கிறோம். அதுவும் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

சும்மா ஒரு கற்பனைதான். பீளமேட்டில் அவிநாசி ரோட்டோரம் ஒரு போர்டு முளைக்கிறது: 'இங்கு குளோன் செய்து தரப்படும். ஈஎம்ஐ வசதி உண்டு.' (இந்தியாவில் மனிதக் குளோனிங் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. கற்பனைக்கு அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.) நான் போய் என்னை ஒரு காப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று வையுங்கள். பிறக்கிற பயல் எனக்கு என்ன வேணும்?

வயசைப் பார்த்தால் மகன். ஜீனைப் பார்த்தால் என் அப்பா அம்மாதான் அவனுக்கும் அப்பா அம்மா. ஆக, தம்பி. அதுவும் இரட்டைப் பிறவித் தம்பி, நாற்பத்தி சொச்சம் வருஷம் லேட்டாகப் பிறந்தவன். என் மனைவி சுமந்து பெற்றால் அவளுக்கு அவன் மகனா, கொழுந்தனா? காது குத்து வைத்தால் என் மச்சினன், 'தாய்மாமன் மடி என்னுது' என்று சீர்த்தட்டோடு கிளம்பி வருவார். ஜீன் கணக்குப்படி தாய்மாமன் என்பவர் என் அம்மாவின் தம்பி. எழுபதைத் தாண்டியவர், மூட்டுவலி வேறு. அவர் மடியில் குழந்தையை உட்கார வைப்பதற்கு டாக்டர் சம்மதிக்க வேண்டும். நாளைக்கு அவனுக்குக் கல்யாணம் என்றால் இணைச்சீர் யார் செய்வது? என் தங்கச்சி அவனுக்கு அக்காவா, அத்தையா? அத்தை என்றால் அவள் மகள் இவனுக்கு முறைப்பெண். அக்கா என்றால் அக்கா மகள். சில வீடுகளில் அதுவும் முறைதான்! தமிழ் உறவுமுறை எந்த விஞ்ஞானத்தையும் தாங்கும்போல.

சொந்தம் இருக்கட்டும். ஊரில் அவனை என்னவென்று கூப்பிடுவார்கள்? முதல் வாரமே 'ஜெராக்ஸ்' என்று பெயர் விழும். ரெண்டாம் வாரம் 'டூப்ளிகேட்டு'. ஸ்கூலில் எவனாவது இப்படிக் கூப்பிட்டு, கைகலப்பாகி, அது பேப்பரில் வந்து, உடனே அரசு ஒரு குழு அமைக்கும். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், மருத்துவர் ஒருவர். குளோன் யாரும் குழுவில் இருக்க மாட்டார். மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கிக் குழு அறிக்கை தரும். 'குளோன்' வேண்டாம், அந்நியச் சொல். 'நகல்' வேண்டாம், மனம் புண்படும். 'படியாக்கப் பிறவி' பாடப்புத்தக வாசனை. கடைசியில் 'மறுபதிப்புத் திறனாளர்' என்று முடிவாகும். அப்படியானால் என்னை 'அசல்' என்று சொல்வது அவரைக் குத்திக்காட்டுவது ஆகாதா? எனக்கு 'முற்பதிப்பாளர்' என்று ஒரு பெயர் கிடைக்கும். பழைய புத்தகக் கடையில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

ரொம்பத்தான் கிண்டல் என்று நினைக்காதீர்கள். இது நிஜமாகவே நடந்தது. 2002 பிப்ரவரியில் 'சயின்ஸ்' என்ற பெரிய விஞ்ஞானப் பத்திரிகையில் பெர்ட் வோகல்ஸ்டைன், புரூஸ் ஆல்பர்ட்ஸ், கென்னத் ஷைன் என்று மூன்று பேர் ஒரு தலையங்கம் எழுதினார்கள். தலைப்பின் அர்த்தம், தயவுசெய்து இதைக் குளோனிங் என்று சொல்லாதீர்கள் என்பது. ஆல்பர்ட்ஸ் அப்போது அமெரிக்க அறிவியல் அகாடமியின் தலைவர். அவர்கள் சங்கடம் என்னவென்றால், நோய் தீர்க்க ஸ்டெம்செல் எடுப்பதற்காகச் சோதனைக் குழாய்க்குள் செய்கிற வேலையும் குளோனிங், குழந்தை செய்கிற வேலையும் குளோனிங். இரண்டாவதைக் கேட்டு ஜனங்கள் மிரண்டு முதலாவதற்கும் தடை போட்டுவிடுவார்கள். ஆகவே முதலாவதற்கு 'உட்கரு மாற்றம்' என்று சாதுவாக ஒரு பெயர் வைப்போம். அதாவது குளோன் செய்த மனிதன் பிறப்பதற்கு முன்பே, குளோனிங்குக்கு நாகரிகப் பெயர் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதே 2002 டிசம்பரில் குளோனெய்ட் என்ற கம்பெனி 'ஏவாள்' என்று ஒரு குளோன் குழந்தை பிறந்தாச்சு என்று உலகத்துக்கே சொன்னது. குழந்தையையும் காட்டவில்லை, டிஎன்ஏ சோதனையும் காட்டவில்லை. 2005 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை மனிதக் குளோனிங்கை எல்லா வடிவத்திலும் தடை செய்யச் சொல்லி ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது. நமக்குக் குளோன் குழந்தை மேல் ஆசை என்பதால் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கான கதவையும் சேர்த்துச் சாத்துகிறார்களே என்பதால்.

உண்மையில் 'குளோன்' ரொம்ப அப்பாவிச் சொல். கிரேக்க மொழியில் சின்னக் கிளை, குச்சி என்று அர்த்தம். 1903ல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியல் ஆள் அதைச் செடிகளுக்காக எடுத்தாண்டார். விதை இல்லாமல், குச்சியை ஒடித்து நட்டு வளர்க்கிற செடிகளுக்கு. அதை மனிதன் வரைக்கும் இழுத்தவர்களில் முக்கியமானவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, 1957ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேஸ்வரத்தில் இறந்த விஞ்ஞானி. அறுபதுகளின் தொடக்கத்திலேயே அவர் ஒரு யோசனை சொன்னார். குளோன் செய்வதென்றால் பெரும்பாலும் ஐம்பது வயசு தாண்டியவர்களைத்தான் செய்வார்கள், விளையாட்டு வீரர்களும் நடனக்காரர்களும் விதிவிலக்கு என்று. ஆள் உருப்படியா இல்லையா என்று தெரிவதற்கு ஐம்பது வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நியாயம்தான். என் விஷயத்தில் தீர்ப்பு வர இன்னும் சில வருஷம் இருக்கிறது.

குச்சியை ஒடித்து நடுவதுதான் குளோனிங் என்றால், கோயமுத்தூர்க்காரர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1912ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பித்தார்கள். பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பையும் பேய்க்கரும்பு என்கிற காட்டு நாணலையும் சேர்த்து 1918ல் 'கோ 205' கொண்டுவந்தார்கள். 'கோ' என்றால் கோயம்புத்தூர். இந்தியாவில் எந்தச் சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும் எங்கள் ஊர் இனிஷியல் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. ஒரு நல்ல ரகம் கிடைத்ததும் அதைக் கரணை கரணையாக வெட்டி நடுகிறோம். முளைப்பதெல்லாம் ஒரே கரும்பின் காப்பி. வாழையும் அப்படித்தான். பக்கக் கன்றைப் பிரித்து நட்டாலும் சரி, லேபில் திசு வளர்ப்பில் ஜி-9 கன்று எடுத்தாலும் சரி, தாய் மரத்தின் ஜெராக்ஸ். கல்யாண வீட்டில் பெரியவர்கள் 'வாழையடி வாழையா இருங்க' என்று வாழ்த்துகிறார்களே, அதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? மனிதக் குளோனிங்குக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம். மணமேடையில் யாரும் இதுவரை ஆட்சேபம் சொன்னதில்லை.

காப்பி எடுப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. 2009ல் வெளியான 'கோ 0238' ரகம் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் ஒரே செடி. செவ்வழுகல் நோய் வந்தபோது அதற்கும் எல்லாம் ஒரே செடி.

இனி, மாடு குளோன் செய்கிற வித்தையைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு கருமுட்டையை எடுத்து அதன் உட்கருவை உறிஞ்சி எறிகிறார்கள். ஓடு புதுசு, உள்ளே காலி. அதற்குள் வேறு மாட்டின் பழைய உட்கருவை வைத்து, லேசாக மின்சாரத்தில் ஒரு தட்டுத் தட்டினால், ஏதோ இப்போதுதான் கருவானது மாதிரி வளர ஆரம்பிக்கும். 1996ல் பிறந்த டாலி ஆடு இப்படி 277 முயற்சிகளில் ஒன்றுதான் தேறியது. (மடிச் செல்லிலிருந்து செய்ததால் டாலி பார்ட்டன் என்ற பாடகியின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்றைக்கு அந்த ஜோக்கை எந்த ஆபீசிலும் சொல்ல முடியாது.) நம் ஊர்ப் பாஷையில் இந்த வித்தைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: பழைய கள், புது மொந்தை.

இதே வித்தையை நாம் மாட்டில் செய்வதற்கு ரொம்ப காலம் முன்பே வார்த்தையில் செய்து பழகிவிட்டோம். நான் பி.காம். படித்தவன். நாகரிகமாகப் பேசுவதைக் கண்டுபிடித்தது அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்கிறார்கள். தப்பு. கண்டுபிடித்தவர்கள் கணக்குப்பிள்ளைகள். கொடுத்த கடன் வராது என்று எல்லாருக்கும் தெரியும், பேரேட்டில் அதற்குப் பெயர் 'ஐயக்கடன் ஒதுக்கு'. பேங்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ச் 'செயல்படாச் சொத்து' என்றார்கள். கவனியுங்கள், அதுவும் சொத்துதான்! கம்பெனி ஆளைத் தூக்கினால் 'ரைட்சைஸிங்'. கணக்குத் தலைப்பை மாற்றினால் நிலுவைத் தொகை மாறாது என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். வருஷக் கடைசியில் அதை மறந்தால்தான் உத்தியோகத்தில் உயர முடியும்.

2020ல் தமிழக அரசு, துப்புரவுப் பணியாளர்களை இனித் 'தூய்மைப் பணியாளர்' என்று அழைப்போம் என்றது. கோவிட் நேரம். அவர்களுக்குக் கால் கழுவினார்கள், மாலை போட்டார்கள், டிவியில் காட்டினார்கள். இத்தனைக்கும் 'துப்புரவு' ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. அதற்கும் சுத்தம் என்றுதான் அர்த்தம். அதற்கு முன்பு புழங்கிய வார்த்தைகள் உறுத்தியதால் ஒரு காலத்தில் மரியாதைக்காகக் கொண்டுவந்தது. வேலையின் மேல் நமக்கிருந்த அருவருப்பு மெல்ல வார்த்தையில் ஒட்டிக்கொண்டது. வார்த்தையை மாற்றினோம். வேலையை, கையுறை இல்லாத கையை, ஒப்பந்தக்காரரை மாற்றவில்லை. 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், தனியாருக்கு எங்களை விடாதீர்கள் என்று பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தவர்களை நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். செய்தியில் எல்லா இடத்திலும் மரியாதையாகத் 'தூய்மைப் பணியாளர்கள் கைது' என்றுதான் வந்தது. மொழியில் யாரும் குறை சொல்ல முடியாது.

இதையாவது தெரியாத்தனம் என்று விட்டுவிடலாம். எங்கள் கொங்கு மண்டலம் உற்பத்தி செய்த ஒரு பெயரை அப்படி விட முடியவில்லை. சுமங்கலித் திட்டம். தொண்ணூறுகளிலும் ரெண்டாயிரங்களிலும் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் பரவியது. தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயசுப் பெண் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல். வெளியே போக அனுமதி அபூர்வம். பெயர் 'அப்ரெண்டிஸ்', ஆகவே சம்பளம் சொற்பம். மூன்று வருஷம் முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் தருவார்கள், கல்யாணச் செலவுக்கு. நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அந்தத் தொகை கிடைக்கும் என்று நிச்சயம் கிடையாது. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, அதைக் கடைசியில் தருவதற்கு, பொட்டும் பூவும் வைத்து 'சுமங்கலி' என்று பெயர் சூட்டிய மூளை எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது மார்க்கெட்டிங் தெரிந்த மூளை. எந்த அப்பா, 'என் மகள் சுமங்கலி ஆக வேண்டாம்' என்று சொல்வார்? 2011ல் ஐரோப்பாவிலிருந்து தொண்டு அமைப்புகள் அறிக்கை வெளியிட்டு, வெளிநாட்டுத் துணிக்கடைகள் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு பெயர்தான் முதலில் மறைந்தது. பெயர் போனதும் பிரச்னையும் போய்விட்டதாகப் பல பேர் நிம்மதியாகிவிட்டார்கள்.

நாகரிகமாகப் பேசுவதில் கொங்குத் தமிழுக்கு நிகரில்லை என்று வெளியூர்க்காரர்கள் சர்டிபிகேட் தருவார்கள். வாஸ்தவம். இங்கே சண்டைகூட 'ங்க' போட்டுத்தான். ஹோப்ஸ் காலேஜ் சிக்னலில் ரெண்டு வண்டி உரசிக்கொண்டால், 'ஏனுங்க, கண்ணு என்ன பொடனியிலீங்களா இருக்குது?' என்பார்கள். அறிவு இருக்குதுங்களா என்று கேட்கும்போதுகூட அறிவுக்கு மரியாதை குறையாது. ஆனால் இந்த 'ங்க'வுக்கு ஒரு ரேஷன் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே மண்ணில், அறுபது வயசுப் பெரியவரைப் பத்து வயசுப் பையன் பேர் சொல்லி, வா போ என்று கூப்பிட்ட தோட்டங்கள் உண்டு. அந்தப் பெரியவர் பையனைச் 'சாமி' என்பார். அவருக்கு டீக்கடையில் தனி டம்ளர். 'ங்க' எல்லாருக்கும் பொது என்று எந்த இலக்கணப் புத்தகமும் அவரிடம் சொல்லவில்லை. மரியாதைச் சொல் நிறைய இருக்கிற மொழியில், அதை யாருக்குக் கொடுக்காமல் விடுகிறோம் என்பது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

ஹோப்ஸ் காலேஜ் என்றேன். அங்கே இறங்கி ஹோப் காலேஜ் எங்கே என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. 1945ல் ஆர்தர் ஹோப் என்ற சென்னை கவர்னர் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார்கள், ஜி.டி. நாயுடுவின் உதவியோடு. பிறகு கல்லூரி பெயரும் மாறி, தடாகம் ரோட்டுக்கும் குடிபோய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் பெயர் மட்டும் நிற்கிறது. உள்ளிருந்தது போய் ஓடு மட்டும் மிச்சமான கேஸ். பீளமேடும் 'பூளைமேடு'தான் என்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுகிற பூளைப்பூ மண்டிக் கிடந்த மேடு. இன்றைக்குப் பூளைப்பூ வேண்டுமென்றால் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அந்த ஹோப்ஸ் வழியாகத்தான் இப்போது புதுப் பாலம் போகிறது. கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபர் 9 அன்று திறந்தார்கள். பெயர் ஜி.டி. நாயுடு மேம்பாலம். அதே வாரம்தான் தெருக்கள், ஊர்களின் பெயரிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி அரசாணையும் வந்திருந்தது. உடனே பிடித்துக்கொண்டார்கள், இது மட்டும் என்னவாம் என்று. நியாயமான கேள்வி, சிக்கலான பதில். நாயுடுவை எடுத்துவிட்டால் ஜி.டி. மேம்பாலம்தான் மிஞ்சும். யாரோ சேட்டுக்கடை இனிஷியல் மாதிரி இருக்கும். மோட்டாரும் ரேஸரும் செய்து, பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி பண்ணிய அந்த மனிதர் ஊராரின் வாயில் 'நாயுடு'வாகத்தான் வாழ்ந்தார். என் அபிப்பிராயம், இறந்து ஐம்பது வருஷம் ஆனவரின் பெயரில் கத்தரி போடுவதைவிட, இன்றைக்குப் பிறக்கிற குழந்தையின் பெயரில் ஒட்டாமல் விட்டால் போதும். தமிழ்நாடு அதை ஓரளவு செய்தும் காட்டியிருக்கிறது.

அப்படியானால் பெயர் மாற்றுவதெல்லாம் வீண் வேலையா? இங்கே ஒரு பூனையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள். உலகத்தில் முதல் குளோன் பூனை. கார்பன் காப்பி என்று பெயர், சுருக்கமாக 'சிசி'. அசல் பூனை மூன்று நிறம்: வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு. காப்பிக்கு ஆரஞ்சே வரவில்லை. ஆரஞ்சு நிறத்தின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸில் ஒன்றைத் தூங்க வைத்துவிடும். எடுத்த செல்லில் ஆரஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கார்பன் பேப்பர் வைத்துப் பழகியவர்களுக்கு இது புரியும்: காப்பி என்று எடுத்தாலும் எங்கேயாவது ஒரு எழுத்து விழாமல் போகும். ஒரே உட்கருவாக இருந்தாலும் வளர்கிற இடம் வேலை செய்கிறது. இதை நம் சினிமாக்காரர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) ஒரே முகம், ஒரு எம்.ஜி.ஆர். பயந்தாங்கொள்ளி, இன்னொரு எம்.ஜி.ஆர். சாட்டையைச் சுழற்றுகிறவர். வளர்ப்புதான் வித்தியாசம்.

வார்த்தைக்கும் அப்படி ஒரு வளர்ப்பு உண்டு. 'திருநங்கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு ஊர் அவர்களைக் கூப்பிட்ட வார்த்தைகளை இங்கே அச்சடிக்க வேண்டாம். 2008 ஏப்ரலில் தமிழ்நாடு அவர்களுக்கு ஒரு நல வாரியம் அமைத்தது. அப்போது அதன் பெயரில் 'அரவாணி' என்றுதான் இருந்தது. 'திருநங்கை' பிறகு அதைத் தள்ளிவிட்டு நின்றது, ஏனென்றால் அவர்களே அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கூடவே வாரியம் வந்தது, ரேஷன் கார்டு வந்தது. 2014 சுதந்திர தினத்தன்று கோவையிலிருந்து ஒளிபரப்பான ஒரு டிவியில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். பிறகு 'திருநம்பி'யும் வந்தது. இங்கே ஓடு மட்டும் மாறவில்லை.

'மாற்றுத்திறனாளி'யில் எனக்கு இவ்வளவு நிச்சயம் இல்லை. 2010ல் தனித் துறையே அந்தப் பெயரில் வந்தது நல்ல காரியம். ஆனால் உலக அளவில் உரிமைக்காரர்கள் மாற்றுத் திறன் என்று பூசி மெழுகுவதை விரும்புவதில்லை. குறைபாடு உள்ள மனிதர் என்று நேராகச் சொல், படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டு என்கிறார்கள். 2015ல் டெல்லியிலிருந்து 'திவ்யாங்' வந்தபோது, தெய்விக உறுப்பு எங்களுக்கு வேண்டாம், பஸ்ஸில் ஏற வழி செய்யுங்கள் என்று அவர்களே எதிர்த்தார்கள். எங்கள் ரோட்டில் உள்ள பாதி ஏடிஎம்களுக்கு மூன்று படி ஏறிப் போக வேண்டும். மாற்றுத் திறன் என்பது பறப்பது என்று கட்டினவர் நினைத்திருக்கலாம்.

2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீங்கும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அதை நான் சின்ன விஷயம் என்று நினைக்கவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பையனின் விலாசத்தில் அந்த ஒரு சொல் இருந்தால், அவன் மார்க்ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்பே எதிரில் இருப்பவர் எதையோ பார்த்துவிடுகிறார். ஓடு மாறினால் அங்கே ஒரு இன்டர்வியூவாவது நியாயமாக நடக்கும். மில் முதலாளிகளும் பேட்டை, நகர், புரம் என்று காலனிகளில் வாழ்ந்த ஊர் இது. சில காலனிகளுக்கு மட்டும் எப்படி வேறு அர்த்தம் ஏறியது என்று பாலத்துக்குக் கீழே நின்றால் ரெண்டு பக்கமும் தெரியும்.

சரி, நம் மறுபதிப்புத் திறனாளரை நடுவில் விட்டுவிட்டோம். அவரை முதலில் ஆர்டர் செய்யப்போவது என்னைப் போன்ற ஆசைக்காரன் இல்லை, மேன்பவர் சப்ளை ஏஜென்சிதான். ஒரு நல்ல ஃபிட்டர், சோர்வு தெரியாதவர், சங்கத்தில் சேராதவர். அவரை ஒரே அச்சில் நாற்பது பேர். பிஎஃப் பிடிப்பார்களா? 'ஏனுங்க, ஒரே ஆளுக்கு நாப்பது கணக்கு எதுக்குங்க?' என்பார்கள். விசிட்டிங் கார்டில் 'அசோசியேட்' என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு.

அதற்கும் முன்னால் அவரை ரேஷன் கார்டில் சேர்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து நம் முறை வரும். தந்தை பெயர் என்ற கட்டத்தில் என் அப்பா பெயரைச் சொல்வேன். ஆபரேட்டர் பெண் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். அடுத்தது, குடும்பத் தலைவருக்கு உறவுமுறை. திரையில் ஒரு பட்டியல் விரியும். மனைவி, மகன், மகள், தாய், தந்தை, சகோதரன். பின்னால் வரிசை நீண்டிருக்கும். அந்தப் பெண் நம்மைக் கேட்காமலே கடைசி வரிக்குப் போய் ஒரு தட்டுத் தட்டுவார்: 'இதர'.